எந்த ஓசைக்கு ஓடுவது?

தெமோதரைத் தோட்டத்தில் ஒருவருக்கு இரவில் மூச்சு முட்டினால், பதுளைக்குப் போய்ச் சேர்வதற்குள் அவர் பல கைகள் மாறுகிறார். லயத்தில் பக்கத்து வீட்டார், தோட்டத்து டிஸ்பென்சரி, ஆட்டோ அல்லது 1990 என்ற எண்ணில் அழைக்கும் அம்புலன்ஸ், ஹாலிஎலை வழியாக வளைந்து இறங்கும் ரோடு, அவசர சிகிச்சைப் பிரிவு, வாட்டு, கட்டில் கிடைத்தால் அதிதீவிர சிகிச்சைப் பிரிவு. ஐசியூவுக்குள் கொண்டுபோய்விட்டார்கள் என்றதும் வெளியே நிற்கும் உறவினருக்குப் பாதி உயிர் திரும்பிவிடும். இனி மெஷின் கவனித்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை. நெஞ்சில் ஒட்டிகள், விரலில் கவ்வி, புயத்தில் இரத்த அழுத்தப் பட்டி. எந்த எண் எல்லை தாண்டினாலும் மொனிட்டர் கத்திவிடும் அல்லவா.

கத்தும். ஆனால் மொனிட்டருக்குக் கைகள் கிடையாது. அதன் ஒவ்வொரு ஓசையும் அருகிலுள்ள தாதியின் இரண்டு கைகளையும் ஒரு நிமிடக் கவனத்தையும் கேட்கிறது. ஒரு கட்டிலுக்குக் கொடுத்த நிமிடத்தை அதே நேரத்தில் இன்னொரு கட்டிலுக்குக் கொடுக்க முடியாது. வைத்தியசாலைகளில் அலாரத்தைப் பாதுகாப்பின் அளவாக எண்ணும் வழக்கம் உண்டு. அதைச் செலவாகவும் எண்ண வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். அப்படி எண்ணிப் பார்த்த ஓர் ஆய்வு நம் ஊவா மாகாணத்திலேயே, மொனராகலையில் நடந்திருக்கிறது. அதற்கு வருமுன் பிரச்சினை முதலில் அளக்கப்பட்ட இடங்களைப் பார்த்துவிடலாம்.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வைத்தியசாலையில் ஐந்து ஐசியூக்கள், 77 கட்டில்கள், 461 நோயாளிகள். 31 நாட்களுக்கு எல்லா மொனிட்டர்களும் எழுப்பிய எச்சரிக்கைகளைப் பதிவுசெய்து 2014இல் வெளியிட்டார்கள். மொத்தம் 2,558,760. இவற்றில் பெரும்பகுதி திரையில் எழுத்தாக மட்டும் வந்து போனவை. காதில் விழும்படி ஒலித்தவற்றை மட்டும் எடுத்தாலும் ஒரு கட்டிலுக்கு நாளொன்றுக்கு 187. அதாவது ஏறக்குறைய எட்டு நிமிடத்துக்கு ஒன்று. எட்டுக் கட்டில் உள்ள அறை என்றால் நிமிடத்துக்கு ஒன்று, இரவு பகல் ஓயாமல். இதயத் துடிப்பு ஒழுங்கு தவறியதாகச் சொன்ன 12,671 எச்சரிக்கைகளை நிபுணர்கள் ஒவ்வொன்றாகப் பார்த்தபோது 88.8 சதவீதம் பொய் என்று தெரிந்தது.

இந்த ஓசை வெள்ளத்தில் மனிதக் காது என்ன செய்யும்? ஃபிலடெல்பியாவின் சிறுவர் வைத்தியசாலையில் கமெரா வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2015இல் வெளியானது. அங்கே ஐசியூவில் ஒலித்தவற்றில் 87 சதவீதமும் சாதாரண வாட்டில் ஒலித்தவற்றில் 99 சதவீதமும் எந்தச் செயலும் தேவைப்படாதவை. முந்திய இரண்டு மணி நேரத்தில் ஒரு தாதி இப்படிப்பட்ட வெற்று ஓசைகளை எவ்வளவு அதிகம் கேட்டிருந்தாரோ, அடுத்த ஓசைக்கு அவர் வந்து சேர அவ்வளவு தாமதமானது. இதை அலாரச் சலிப்பு என்கிறார்கள். சோம்பல் என்று இதைக் கொள்ள முடியாது. எதற்குப் பயன் இல்லை என்று அனுபவம் திரும்பத் திரும்பக் காட்டுகிறதோ அதை மூளை பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. அப்படித் தள்ளாத மூளையை வைத்துக்கொண்டு யாரும் எட்டு மணி நேர வேலை பார்க்க இயலாது.

விளைவு உயிர்களில் தெரிகிறது. 2010 ஜனவரியில் பொஸ்டனின் மசாசூசெட்ஸ் பொது வைத்தியசாலையில் 89 வயது நோயாளி ஒருவரின் நாடித்துடிப்பு ஏறத்தாழ இருபது நிமிடங்களில் படிப்படியாகக் குறைந்து நின்றது. கட்டிலருகே ஒலிக்க வேண்டிய அபாய அலாரம் அணைக்கப்பட்டிருந்தது. தாதியர் மேசையில் வந்த எச்சரிக்கை ஒலி, நடைபாதைப் பலகைகளில் ஓடிய எழுத்து, இரண்டையும் கேட்டதாகவோ கண்டதாகவோ கடமையிலிருந்த பத்துத் தாதியரில் ஒருவருக்கும் நினைவில்லை. அடுத்த ஆண்டு பொஸ்டன் குளோப் பத்திரிகை, 2005 முதல் 2010 நடுப்பகுதி வரை அமெரிக்கா முழுவதும் மொனிட்டர் அலாரங்களோடு தொடர்புபட்ட இருநூறுக்கும் மேற்பட்ட மரணங்களைத் தொகுத்து எழுதியது. அமெரிக்க வைத்தியசாலைகளுக்குத் தரச்சான்று வழங்கும் கூட்டு ஆணையம் 2013 ஏப்ரலில் எச்சரிக்கை விடுத்தது: 2009க்கும் 2012 நடுப்பகுதிக்கும் இடையே தன்னிடம் வந்த 98 அலாரச் சம்பவங்களில் 80 மரணத்தில் முடிந்தவை.

'புலி வருகிறது' கதையை இந்த இடத்தில் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அந்தக் கதையில் ஓடிவராத ஊராரை யாரும் குற்றஞ்சாட்டுவதில்லை. பொய் சொன்ன பையன்தான் குற்றவாளி. வைத்தியசாலையில் நேர்மாறு. நூறு முறை பொய் சொன்ன பெட்டி சுவரில் அப்படியே இருக்கும், நூற்றோராவது முறை ஓடிவராத தாதிமீது விசாரணை நடக்கும்.

மொனிட்டர் ஏன் பொய் சொல்கிறது? காரணங்களில் பாதி மிக அற்பமானவை. நெஞ்சில் ஒட்டியது காய்ந்து விலகும். நோயாளி புரள்வார். விரல் குளிர்ந்து போய், கவ்விக்கு இரத்த ஓட்டம் அகப்படாது. இரத்த அழுத்தப் பட்டியும் ஒட்சிசன் கவ்வியும் ஒரே கையில் மாட்டப்பட்டிருந்தால், பட்டி இறுகும் ஒவ்வொரு முறையும் இரத்தம் விரலுக்குப் போகாது. ஒட்சிசன் விழுந்துவிட்டதாக மொனிட்டர் கத்தும். கவ்வியை மறு கைக்கு மாற்றிவிட்டால் அந்த நோயாளியின் பொய் அலாரங்களில் ஒரு பங்கு அன்றைக்கே போய்விடும்.

மறு பாதிதான் சிந்திக்க வேண்டியது. மொனிட்டர் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே சில எல்லைகளோடு வருகிறது. ஒட்சிசன் 90க்குக் கீழே போனால் ஒலி, நாடித்துடிப்பு 120ஐத் தாண்டினால் ஒலி என்பது போல. இந்த எல்லைகள் யாரோ ஒரு சராசரி மனிதருக்கானவை. தெமோதரையிலிருந்தோ பசறையிலிருந்தோ வரும் நோயாளி அந்தச் சராசரிக்குள் அடங்கவேண்டிய கட்டாயம் இல்லை. நாற்பது வருடம் காற்றோட்டமில்லாத லயத்துக் காம்பராவில் விறகு அடுப்புப் புகையை இழுத்த ஒரு பெண்ணின் நுரையீரலை எடுத்துக்கொள்வோம். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களில் கரியமிலவாயு தேங்கும் அபாயம் இருப்பவர்களுக்கு ஒட்சிசனை 88க்கும் 92க்கும் இடையில் வைத்திருக்க வேண்டும் என்பது பிரித்தானிய மார்பு மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டல். அதற்கு மேலே ஏற்றுவதுதான் அவருக்கு ஆபத்து. 89இல் அவர் இருக்கவேண்டிய இடத்திலேயே இருக்கிறார். மொனிட்டரோ நாள் முழுதும் அலறுகிறது. பக்கத்துக் கட்டிலில் பூச்சிநாசினி நஞ்சுக்காகச் சிகிச்சை பெறும் இளைஞர். அவருக்கு அத்ரோபின் கொடுப்பதே நாடித்துடிப்பை உயர்த்தி, நுரையீரலில் ஊறும் நீரை வற்றவைக்கத்தான். மருந்து வேலை செய்யும்போது துடிப்பு ஏறுவது எதிர்பார்த்ததே. அங்கேயும் மொனிட்டர் அலறுகிறது. இரண்டு நோயாளிகள், இரண்டு ஓயாத ஓசைகள். இரண்டுமே 'எல்லாம் திட்டப்படி நடக்கிறது' என்பதன் ஒலிவடிவம்.

இதன் மறுபக்கம் இன்னும் மோசமானது. கத்தவேண்டிய நேரத்தில் மெஷின் மௌனமாக இருக்கும். விரல் கவ்வி சொல்வது இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஒட்சிசனை ஏற்றியிருக்கிறது என்பதை மட்டும். ஹீமோகுளோபின் எவ்வளவு இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. இரத்தசோகை தோட்டத்துப் பெண்களிடம் பழகிப்போன நோய். சாதாரண அளவில் பாதி ஹீமோகுளோபினோடு வரும் ஒருத்திக்கும் கவ்வி 98 என்றே காட்டும். அது பொய் அல்ல. ஆனால் அவள் இரத்தம் சுமக்கும் ஒட்சிசன் பாதிதான். தோலின் நிறமும் கணக்கில் வருகிறது. 2020இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று, கவ்வி 92க்கும் 96க்கும் இடையில் காட்டியபோது கறுப்பினத்தவரில் 11.7 சதவீதமானோருக்கு உண்மையான ஒட்சிசன் அளவு ஆபத்தான தாழ்நிலையில் இருந்ததைக் காட்டியது. வெள்ளையரில் அது 3.6 சதவீதம். தேயிலை மலையில் வெயில் குடித்த தோலுக்கு இந்தக் கவலை அந்நியமானதல்ல.

இனி மொனராகலை.

இலங்கையின் தீவிர சிகிச்சைப் பதிவேட்டைக் கட்டியெழுப்பியவர்களான ரஷான் ஹனிஃபா, அபி பீன் முதலானோர் அடங்கிய குழு ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டது. பணக்கார நாடுகளின் வாட்டுகளில் 'முன்னெச்சரிக்கைப் புள்ளிகள்' என்றொரு முறை பரவியிருக்கிறது. நாடி, மூச்சு, இரத்த அழுத்தம், உடல்சூடு, ஒட்சிசன், நினைவு ஆகியவற்றுக்குப் புள்ளிகள் போட்டு, கூட்டுத்தொகை ஒரு எல்லையைத் தாண்டினால் டொக்டரை அழைப்பது. நல்ல முறைதான். அதை ஊவாவின் ஒரு மாவட்ட வைத்தியசாலையில் அப்படியே நட்டால் என்ன ஆகும்? மொனராகலை மாவட்டப் பொது வைத்தியசாலையில் எட்டு மாதம் அனுமதிக்கப்பட்ட வயதுவந்தோர் 16,386 பேரின் காகிதப் பதிவுகளை நாள்தோறும் எடுத்து ஆராய்ந்து, 2018இல் முடிவை வெளியிட்டார்கள்.

முதல் முடிவு, புள்ளி போடத் தேவையான எண்களே இல்லை என்பது. அனுமதிக்கும்போது நாடித்துடிப்பு ஏறக்குறைய 91 சதவீதமானோருக்குக் குறிக்கப்பட்டிருந்தது. ஒட்சிசன் அளவு குறிக்கப்பட்டது 24 சதவீதமானோருக்கு மட்டும். சான் பிரான்சிஸ்கோவின் துன்பம் ஓசை மிகுதி என்றால் இங்கே துன்பம் அளவை இன்மை. அப்படியானால் மெஷின்களை வாங்கிப் போட்டு எல்லோரையும் அளந்துவிடலாமே என்று தோன்றும். பொதுக் கூட்டமொன்றில் இதைச் சொன்னால் கைதட்டலும் கிடைக்கும்.

இரண்டாவது முடிவு அந்தக் கைதட்டலை நிறுத்துகிறது. 16,386 பேரில் இதயம் நின்றவர்கள், எதிர்பாராமல் ஐசியூவுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்கள், வேறு வைத்தியசாலைக்கு மாற்றப்பட்டவர்கள் என்று பாதகமான விளைவைச் சந்தித்தவர்கள் 502 பேர், 3.06 சதவீதம். சோதித்த புள்ளிமுறைகளில் எதுவும் இறக்கப்போகிறவர்களை மிகச் சிறப்பாகப் பிரித்துக் காட்டவில்லை. எச்சரிக்கை எழும் நோயாளிகளில் உண்மையில் இறந்தவர்களின் பங்கு 10.44 சதவீதம். பத்து அழைப்புக்கு ஒன்று.

இதற்குப் புள்ளிமுறையைத் திட்டிப் பயனில்லை. காரணம் கணக்கில் இருக்கிறது. ஒரு கற்பனை உதாரணம்: ஆயிரம் நோயாளிகள், அவர்களில் 30 பேர் மோசமாகப் போகிறவர்கள். நம் எச்சரிக்கைமுறை நல்லதென்றே வைத்துக்கொள்வோம். மோசமாகப் போகிறவர்களில் நூற்றுக்கு எண்பது பேரைப் பிடிக்கும், நலமாக இருப்பவர்களில் நூற்றுக்கு எண்பது பேரைச் சரியாக விட்டுவிடும். முப்பதில் 24 பேர் பிடிபடுவார்கள். மீதி 970 பேரில் ஐந்தில் ஒரு பங்கு, 194 பேர், வீணாக மணி அடிப்பார்கள். ஆக 218 மணிகளில் 24 உண்மை, பதினொரு சதவீதம். ஆபத்து அரிதாக உள்ள கூட்டத்தில் எல்லோரையும் ஒரே வலையால் வீசிப் பிடித்தால் வலை நிறையக் குப்பைதான் வரும். வலையை இன்னும் நுண்மையாக்கினால் குப்பை கூடும். அந்த 194 மணிகளுக்கும் ஓடுகிற தாதியர், பிடிபடாமல் போன ஆறு பேரின் கட்டிலருகே நிற்க முடியாதவர்கள்.

மொனராகலை ஆய்வாளர்கள் சொன்னதும் ஏறத்தாழ இதுவே: வாட்டிலுள்ள எல்லோருக்கும் வேறுபாடின்றி இம்முறையைப் பிரயோகித்தால் கண்காணிப்புச் சுமை வீணாகக் கூடும், கடுமையாக நோயுற்றவர்களைக் கவனிக்கும் நேரம் அதில் கரையும். உடல் அளவைகளை நோயின் பெயரோடு சேர்த்துப் பார்த்தால், யாருக்கு நெருங்கிய கண்காணிப்பு தேவையில்லை என்று அனுமதிக்கும்போதே பிரிக்க உதவலாம் என்றும் எழுதினார்கள். இந்தக் கடைசி வாக்கியம் எனக்கு முழு ஆய்வையும்விட முக்கியமாகப் படுகிறது. யாரைக் கண்காணிப்பது என்று கேட்பது எளிது. யாரை விடலாம் என்று துணிந்து கேட்ட ஆய்வுகள் குறைவு.

நோயின் பெயரோடு சேர்த்துப் பார்ப்பது எப்படி இருக்கும்? அதற்கு உதாரணம் தேடி வெளிநாடு போக வேண்டாம். இலங்கை வாட்டுகள் அதைப் பல வருடங்களாகச் செய்துவருகின்றன, ஒரு காகிதத்தில், டெங்குக்கு.

டெங்கு இரத்தப்பெருக்குக் காய்ச்சலில் ஆபத்தான காலம் குறுகியது. காய்ச்சல் இறங்கும் தறுவாயில் 24 முதல் 48 மணி நேரம். அந்நேரத்தில் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிகிறது. உடல் சமாளிக்கப் பார்க்கும், குழாய்களை இறுக்கிக்கொள்ளும். அதனால் மேல் அழுத்தம் உடனே விழாது, கீழ் அழுத்தம் மேலேறும். 100க்கு 85 என்று ஒரு நோயாளியின் அழுத்தம் இருக்கிறது என்று வையுங்கள். மேல் எண் 90க்கு மேலே. கீழ் எண் நல்ல எண். சராசரி 90. மொனிட்டருக்கு இதில் குறை எதுவும் தெரியாது, பச்சையாகச் சிரித்துக்கொண்டிருக்கும். ஆனால் இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் 15. அது 20 அல்லது அதற்குக் கீழே வந்தால் அதிர்ச்சிநிலை. இலங்கையின் தேசிய டெங்கு வழிகாட்டலில் பயின்ற ஒரு தாதி அந்தக் கழித்தலை மனதுக்குள் செய்துவிடுவார். அவர் கையிலுள்ள அட்டவணையில் அழுத்த வித்தியாசம், நாடி, ஒவ்வொரு மணி நேரமும் போன சிறுநீர், இரத்தச் செறிவு, கொடுத்த நீரின் அளவு எல்லாம் ஒரே பார்வையில் தெரியும்படி வரிசையாக இருக்கும். ஆபத்துக் காலத்தில் மணிக்கொரு தடவை, அதிர்ச்சியில் இருந்தால் கால் மணிக்கொரு தடவை. நீர்கொழும்பு வைத்தியசாலையின் டெங்கு சிகிச்சை நிலையம் நாடெங்கிலுமிருந்து வந்தவர்களுக்கு இதில் பயிற்சி கொடுத்தது.

2009இல் இலங்கையில் சுமார் 35,000 பேருக்கு டெங்கு, 346 மரணம். 2017இன் பெருந்தொற்றில் 186,101 பேருக்கு நோய், 440 மரணம். நூற்றுக்கு ஒன்றாக இருந்த இறப்பு நானூறுக்கு ஒன்று என்ற அளவுக்கு இறங்கியது. வைரஸின் வகை, நோயைக் கண்டுபிடிக்கும் வேகம், சிறு காய்ச்சல்களும் பதிவானது என்று இதற்குப் பல காரணங்கள் உண்டு. முழுப் புகழையும் ஒரு காகிதத்துக்குக் கொடுத்துவிட முடியாது. ஆனாலும் வாட்டுகள் நிரம்பி, நடைபாதையில் பாய் போட்டுப் படுத்த அந்த வருடத்தில், அலாரம் அடிக்கும் எந்த மெஷினும் அந்தக் கூட்டத்தைத் தாங்கியிருக்காது. குறிப்பிட்ட நோய், குறிப்பிட்ட மணிகள், குறிப்பிட்ட ஒரு கழித்தல், அதன் விடை தவறினால் உடனே செய்யவேண்டியது என்ன என்று அதே தாளில் எழுதியிருப்பது: தாங்கியது இதுதான்.

கடைசியாகச் சொன்ன விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எச்சரிக்கைக்குப் பின் செய்யவேண்டியதும், செய்ய வழியும் இல்லாவிட்டால் எச்சரிக்கை என்னவாகும் என்பதைப் பதுளை மாவட்டம் வைத்தியசாலைக்கு வெளியே அறிந்திருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. மக்கள் அலட்சியமாக இருந்தார்கள் என்று அப்போது பலர் எழுதினார்கள். போ என்று சொன்னவர்கள், எங்கே போவது என்று சொன்னார்களா? தோட்டத் தொழிலாளரில் பெரும்பாலோருக்குச் சொந்தமாக ஒரு துண்டுக் காணி கிடையாது; வேலை இருக்குமிடத்தில் லயம், லயம் இருக்குமிடத்தில் வாழ்வு. இன்றும் 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேறு என்று படிகள் உள்ளன. ஒவ்வொரு வடகீழ்ப் பருவத்திலும் அவை திரும்பத் திரும்ப வருகின்றன. பாடசாலை மண்டபத்தில் இரண்டு இரவு படுத்துவிட்டு, எதுவும் நடக்காமல், அரைநாள் பேர் (கூலி) போய்த் திரும்பும் குடும்பம் அடுத்த எச்சரிக்கையை எப்படிக் கேட்கும் என்பது ஃபிலடெல்பியாவின் கமெரா சொன்னதிலிருந்து வேறல்ல. சலிப்பு கேட்பவரின் குணம் அல்ல, கேட்டபின் கிடைக்கும் வழியின் அளவு.

தெமோதரையில் இன்னொரு வகைப் பாதுகாப்பும் உண்டு, சத்தமே இல்லாதது. ரயில் தன் தண்டவாளத்துக்கு அடியிலேயே நுழைந்து போகும் அந்த வளையத்தைப் படமெடுக்க வருகிறவர்கள் பலர்; நிலைய அதிபர் இயந்திர ஓட்டுநரிடம் கொடுக்கும் வளையத்தையும் அதிலுள்ள 'டேப்லட்' தகட்டையும் கவனிப்பவர்கள் சிலரே. ஒற்றைத் தண்டவாளத்தில் இரு நிலையங்களிலும் உள்ள கருவிகள் மின்சாரத்தால் பிணைக்கப்பட்டவை. ஒரு நேரத்தில் ஒரு தகடுதான் வெளியே வரும். தகடு கையில் இல்லாமல் ரயில் அந்தப் பகுதிக்குள் போகக்கூடாது. எதிரே இன்னொரு ரயில் வருகிறது என்று மணியடித்துச் சொல்லவேண்டிய நிலையே எழாதபடி அமைப்பு பார்த்துக்கொள்கிறது. வைத்தியசாலையிலும் இதன் உறவினர்கள் இருக்கிறார்கள்: ஒட்சிசன் சிலிண்டரின் ஊசித் துளைகள் வேறு வாயுவின் இணைப்பில் பொருந்தாது. பாதுகாப்புக்குப் பணம் ஒதுக்கும்போது இந்த வகைக்கு முதலிடமும் அலாரத்துக்குக் கடைசி இடமும் கொடுப்பது புத்திசாலித்தனம் என்பது என் கட்சி. வென்டிலேட்டரின் குழாய் கழன்றால் ஒலிக்கும் அலாரம் போன்ற சிலவற்றுக்கு மாற்று கிடையாது. அந்தச் சிலவற்றின் குரல் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் மற்றவை வாயை மூட வேண்டும்.

வாயை மூட வைக்க முடியும் என்று நிரூபித்திருக்கிறார்கள். பொஸ்டன் மெடிக்கல் சென்டரின் இதய நோய் வாட்டு ஒன்றில் வாரத்துக்கு 87,823 ஆக இருந்த ஒலிகள் 9,967 ஆயின. 89 சதவீதம் குறைவு. புதிய மெஷின் எதுவும் வாங்கவில்லை. நாடித்துடிப்பின் எல்லைகளைச் சற்று விரித்தார்கள். தானாக ஒலித்துத் தானாக ஓயும் கீழ்நிலை எச்சரிக்கைகளை நீக்கினார்கள். மிஞ்சியவற்றை யாராவது வந்து பார்த்தால்தான் நிற்கும் அபாய ஒலியாக மாற்றினார்கள். நோயாளிக்கேற்ப எல்லையை மாற்றும் அதிகாரத்தைத் தாதியருக்குக் கொடுத்தார்கள், இன்னொரு தாதியின் சம்மதத்தோடு. பால்டிமோரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸில் நெஞ்சு ஒட்டிகளை நாள்தோறும் மாற்றியதாலேயே கட்டிலுக்கான அலாரம் 46 சதவீதம் குறைந்தது.

இவற்றை ஊவாவுக்குக் கொண்டுவரும்போது விலை மாறுகிறது. அமெரிக்காவில் ஒட்டி மாற்றுவது அற்பச் செலவு. இங்கே ஒட்டி இறக்குமதிப் பொருள். டொலர் இல்லாத 2022இல் மருந்துக்கே தட்டுப்பாடு வந்த நாட்டில் தினம் ஒரு புதுத் தொகுதி என்பது எளிதாகச் சொல்லும் ஆலோசனை அல்ல. நெருக்கடிக்குப் பின் தாதியரும் வைத்தியர்களும் பெருமளவில் வெளிநாடு போனார்கள். மீந்தவர்களின் கைகள்தான் கணக்கில் உள்ளவை. எல்லையை மாற்றுவதற்கோ ஒரு சதமும் செலவில்லை. அதற்குத் தேவை வேறொன்று. விசேட வைத்தியர் வாய்திறந்தபின் தாதி செய்வது என்ற நம் வாட்டு ஒழுங்கில், நள்ளிரவில் ஒரு தாதி தன் பொறுப்பில் 90ஐ 87 ஆக்கி எழுதிக் கையெழுத்திடுவாரா? விடிந்ததும் அவரிடம் காரணம் கேட்பார்களா, அவரைக் குற்றஞ்சாட்டுவார்களா? எழுத்தில் அதிகாரம் இல்லாதபோது அவருக்கு மிச்சமிருக்கும் ஒரே வழி ஒலியைக் குறைத்துவைப்பது. எல்லையை மாற்றினால் அந்த ஒரு நோயாளிக்கு அந்த ஓர் எண் திருத்தப்படும். ஒலியைக் குறைத்தால் அவருடைய எல்லா அபாயமும் சேர்ந்து மௌனமாகும். முதலாவது மறுக்கப்படுவதால்தான் இரண்டாவது நடக்கிறது.

ஆகவே ஒரு வாட்டு தொடங்கக்கூடிய இடம், காலை வாட்டுச் சுற்றில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு வரி: இவருக்கு எந்த எண், எந்த எல்லை, தாண்டினால் என்ன செய்வது. புகையடித்த நுரையீரலுக்கு 87; அத்ரோபின் இளைஞருக்கு வேறு; டெங்குக்கு மெஷினை நம்பாமல் கழித்தல் கணக்கு. 'செய்ய எதுவும் இல்லை' என்று வரும் எண்ணுக்கு ஒலி தேவையில்லை. மொனிட்டர்கள் பலவற்றில் அலாரப் பதிவு தானாகவே சேமிப்பாகிறது. இரண்டு வாரப் பதிவை எடுத்து, எந்தக் கட்டில், எந்த எண், எந்த மணி என்று பிரித்துப் பார்த்தாலே எதை முதலில் திருத்துவது என்று தெரிந்துவிடும்.

இந்தக் கணக்கு எதிலும் வராத ஓர் எச்சரிக்கை இருக்கிறது. வாட்டில் துணைக்கு நிற்கும் அம்மா சொல்வது. "மிஸ், மூச்சு ஒரு மாதிரியா இழுக்குது, நேத்து இப்புடி இல்ல." தன் பிள்ளையின் நேற்றை அறிந்தவர் அந்த அறையில் அவர் ஒருவர்தான், மொனிட்டருக்கு நேற்று கிடையாது. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம், பெற்றோரின் கவலை கேட்கப்படாமல் ஒரு குழந்தை இறந்ததைத் தொடர்ந்து, 2013இல் 'ரயன் விதி'யைக் கொண்டுவந்தது. குடும்பத்தினர் படிப்படியாக மேலே முறையிட்டு, வேறொரு வைத்தியரின் பார்வையைக் கேட்டுப் பெறலாம். இங்கிலாந்து 2024இல் 'மார்த்தா விதி' என்ற பெயரில் அதே வழியைத் தொடங்கியது. ஊவாவில் இதற்கு முன்னே ஒரு படி இருக்கிறது. தெமோதரை அம்மா தமிழில் சொல்கிறார். கடமையிலிருக்கும் தாதிக்குப் பெரும்பாலும் சிங்களம். தமிழும் அரசகரும மொழி என்பது சட்டம். இரவு இரண்டு மணிக்கு அந்த ஒரு வாக்கியத்தை மொழிபெயர்க்க, தமிழ் தெரிந்த சிற்றூழியர் அந்தப் பக்கம் வரவேண்டும். வராவிட்டால் அம்மா கைச்சைகை காட்டுவார், கொஞ்ச நேரத்தில் அதையும் நிறுத்திக்கொள்வார். டெங்கு அட்டவணையில் மணிக்கொரு கட்டம் இருப்பது போல, 'வீட்டார் சொல்வது: நேற்றைவிட மோசமா?' என்று மும்மொழியில் ஒரு கட்டமும், ஆம் என்றால் யாரை அழைப்பது என்று பக்கத்தில் ஒரு தொலைபேசி எண்ணும் அச்சிட மேலதிகத் தாள்கூடத் தேவைப்படாது.